எடைமேடையில் ஓஹாஜ்

வாங்குகிற கம்பெனி சார்பில்
மாங்கூழைச் சோதிக்க வந்தவர் ஓஹாஜ்.
செங்கடல் ஓரத்துத் துறைமுகத்துக்காரர்.
காவேரிப்பட்டணத்தில் சீசன் முடிய
எழுபத்தாறு நாள்.

முதல் நாள் மேனேஜர் கேட்டார்:
"உங்களுக்குத் தமிழ் வருமா?"
ஓஹாஜ் கையிலிருந்த புத்தகத்தில்
'வா' என்கிற வினையைத் தேடிக் கண்டுபிடித்து
கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.
பெங்களூரா ஏற்றிய லாரி ஒன்று
ரிவர்ஸில் நுழைந்துகொண்டிருந்தது.
"வரும், வரும்" என்றார்.

அந்தப் புத்தகத்துத் தமிழ் இஸ்திரி போட்டது.
"நான் நீர் அருந்த விரும்புகிறேன்" என்பார்.
கேன்டீன் லலிதாபாய் கையைத் துடைத்துக்கொண்டு
சாமி வந்தவர் முன்னால் நிற்பதுபோல் நின்று
சொம்பை நீட்டுவாள்.
எங்களுக்கும் அப்படித்தான் என்றார் ஓஹாஜ்.
செய்தி வாசிக்கிற அரபி ஒன்று,
மீன் வாங்குகிற அரபி ஒன்று.
முதலாவதில் மீன் கேட்டால்
சிரித்துவிட்டு விலையை ஏற்றுவான்.

பானாவில்தான் மாட்டிக்கொண்டார்.
பஸ்ஸுக்கு உள்ள ப அரபியில் உண்டாம்,
பாலுக்கு உள்ள ப கிடையாதாம்.
"பல்ப் எங்கே?" என்று அவர்
ஸ்டோர் வாசலில் நிற்க
எலக்ட்ரீசியன் திம்மராயன்
நாற்பது வாட்ஸ் ஒன்றோடு
ஏணியும் தூக்கி வந்தான்.
எழுதிக் காட்டலாமென்று பேனா எடுத்தேன்.
எழுதினால் இரண்டும் ஒன்று.
ழகரம் வரவில்லை என்று வருந்தியபோது
சொன்னேன், இந்த ஆலையில்
அதைச் சரியாகச் சொல்கிறவர்கள் இரண்டு பேர்,
ஒருவர் லீவில்.

என் பங்குக்கு நானும்
லேபிளில் இருந்த அரபி ஐந்தை
வட்டமாக இருக்கிறதே என்று
பூஜ்யமாகப் படித்து
நூற்றிப்பத்து டிரம்மை ஒதுக்கி வைத்தேன்.
அவர் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்:
"பூஜ்யம் இது. இல்லாத மாதிரியே இருக்கும்."

ஆனி பிறந்ததும் புத்தகத்தை அறையில் விட்டுவிட்டு
எடைமேடைப் பக்கம் போய் உட்கார்ந்தார்.
டிரைவர், தரகர், கூடை தூக்குகிறவர்
சொன்னதையெல்லாம் நோட்டில்
வலமிருந்து இடமாக.
பத்து நாளில் பேச்சு வந்துவிட்டது.
"அண்ணா, லோடு எக்கட? சீட்டு காவாலா?"
பாதி தெலுங்கு, கொஞ்சம் கன்னடம்
என்பது அவருக்குத் தெரியாது.
எல்லாம் தமிழ் என்றே எழுதி வைத்திருந்தார்.
"சார், உள்ள பன்னி" என்று
மரியாதையாகக் கூப்பிட்ட அன்று
எங்கள் திருநெல்வேலி மேனேஜர்
ஒரு மணிநேரம் யாரோடும் பேசவில்லை.

நோட்டை வாங்கிப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்,
இது தமிழ், இது இல்லை என்று.
செய்யவில்லை.
நான் பேசுவது வேறு என்று எனக்கே
ஐந்து வயதில் பர்கூரில்
ஒன்றாம் வகுப்பில்தான் தெரிந்தது.
'நீள்ளு' கேட்டு அழுதேன்.
டீச்சர் என்னைக் கக்கூசுக்கு அனுப்பினார்.

கடைசிக் கன்டெய்னர் ஏறும் சாயங்காலம்.
மேற்கே இருட்டிக்கொண்டிருந்தது.
ஒரே வரிசையை இருவரும் தனித்தனியே எண்ணினோம்.
அவர் உதட்டைப் பார்த்தேன்.
வாஹித் இல்லை, இத்னைன் இல்லை.
அந்த அளவுக்கு எனக்கும் காது வந்திருந்தது.
"கால், மலோப், ம்ஹை..."

"இது எந்த அரபி?"
எண்ணிக்கை தவறி நிமிர்ந்தார்.
அரபி இல்லையாம். பிஜாவாம், வீட்டு மொழி.
அரபி ஏழு வயதில் பிரம்போடு வந்ததாம்.
கால் என்றால் அவருக்கு ஒன்று.
என் காதில் அது காலாகவே விழுந்தது.
"நீங்க எதில் எண்ணினது?" என்றார்.
மூடு, நாலுகு வரை வந்திருந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுபடி முதலிலிருந்து.
அவர் கால், நான் ஒகட்டி.
முடித்ததும் அட்டையில் எழுதிக் காட்டினோம்.
எனக்கு எண்பது.
அவருக்கு எழுபத்தொன்பது.
மூன்றாம் தடவை தொடங்கும்போது
மழை வந்தது.